வாய் திறக்காத டிரைவர்... கொதிக்கும் ஜனங்கள்! விபத்து விசாரணையில் மவுனம் காப்பது குற்றமா?

அவலூர்பேட்டை:

ரோட்டில் ஒரு உயிர் போய்விட்டால் ஜனங்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "டிரைவர் என்ன சொல்றான்?"

அவலூர்பேட்டை கடைத்தெருவாக இருந்தாலும் சரி, செஞ்சி பஸ் நிலையமாக இருந்தாலும் சரி, இதற்குப் பதில் வரவில்லை என்றால் பேச்சு சூடாகிவிடும். "தப்பு பண்ணாதவன் எதுக்கு வாயை மூடிக்கணும்?" என்பார் ஒருத்தர். "போலீஸ் நாலு தட்டு தட்டினா தானா பேசுவான்" என்பார் இன்னொருத்தர். சிறிது நேரத்தில் சாலை மறியல், கல்வீச்சு என்று போய்விடுவதும் உண்டு.

செஞ்சி, சேத்துப்பட்டு, திருவண்ணாமலை என்று பல பக்கமும் ரோடு பிரியும் ஊர் இது. அமாவாசை வந்துவிட்டால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலுக்கு பஸ், வேன், ஷேர் ஆட்டோ என்று ராத்திரி முழுக்க ஓட்டம்தான். ஸ்டியரிங் பிடித்துப் பிழைக்கிற குடும்பங்களும் இங்கே நிறைய. விபத்தில் வீட்டு ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களும் நிறைய. சில வீடுகளில் இரண்டுமே உண்டு. அதனால் டிரைவரின் மவுனம் என்பது இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு எங்கோ நடக்கிற கோர்ட்டு சமாச்சாரம் இல்லை.

2022-ம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் கணக்கு. இதில் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17 ஆயிரத்து 884 பேர். இத்தனை சாவுகளில் எத்தனை டிரைவர்கள் "இப்படித்தான் நடந்தது" என்று கோர்ட்டில் வாய்விட்டுச் சொன்னார்கள்? விரல்விட்டு எண்ணலாம்.

டிரைவர் விசாரணையில் வாய் திறக்காமல் நின்று, ஊரே கொதித்துப் போன வழக்கு ஒன்று பிரிட்டனில் நடந்தது. கொஞ்சம் தூரத்து சமாச்சாரம்தான். ஆனால் நம்ம ஊர் கோபத்துக்கும் அதில் பதில் இருக்கிறது.

19 வினாடியில் 6 உயிர்

ஸ்காட்லாந்தின் பெரிய நகரம் கிளாஸ்கோ. 2014-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி. கிறிஸ்துமசுக்கு 3 நாள்தான் பாக்கி. கடைவீதியில் துணிமணி, பரிசுப்பொருள் வாங்க கூட்டம் அலைமோதிக்கொண்டு இருந்தது. அப்போது மாநகராட்சி குப்பை லாரி ஒன்று குயின் வீதியில் திடீரென்று நடைபாதையில் ஏறியது. நடந்து போனவர்களை அடித்துத் தள்ளிக்கொண்டே ஓடி, ஜார்ஜ் சதுக்கத்தில் ஒரு ஓட்டல் சுவரில் மோதித்தான் நின்றது. எல்லாம் 19 வினாடி. 6 பேர் பலியானார்கள். 15 பேர் படுகாயம் அடைந்தார்கள். இறந்தவர்களில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த தாத்தா, பாட்டி, 18 வயது பேத்தி மூவரும் அடக்கம்.

லாரியை ஓட்டிய டிரைவருக்கு அப்போது 50 வயதைத் தாண்டிவிட்டது. ஓட்டிக்கொண்டு இருக்கும்போதே மயங்கிச் சாய்ந்துவிட்டார். பின்சீட்டில் இருந்த ஊழியர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முதலில் ஜனங்களுக்கு அவர் மேல் பரிதாபம்தான் வந்தது. பாவம், அவரும் என்ன செய்வார்?

2015-ம் ஆண்டு பிப்ரவரியில் அந்த நாட்டு அரசு வக்கீல் அலுவலகம், "டிரைவர் மீது வழக்கு இல்லை" என்று அறிவித்துவிட்டது. மயக்கத்தில் இருந்தவர் மீது என்ன குற்றம் சாட்டுவது என்பது அவர்கள் கணக்கு. ஜூலையில் கிளாஸ்கோ கோர்ட்டில் ஷெரீப் ஜான் பெக்கெட் முன்னிலையில் விசாரணை தொடங்கியது. (அங்கே ஷெரீப் என்றால் நீதிபதி. சென்னையில் இருந்தது போன்ற கவுரவப் பதவி இல்லை.) இந்த விசாரணை யாரையும் ஜெயிலில் போடுவதற்கு அல்ல. சாவு எப்படி நடந்தது, அதைத் தடுத்திருக்க முடியுமா என்று கண்டுபிடிக்க மட்டுமே.

அங்கேதான் குண்டு வெடித்தது. 2010-ம் ஆண்டு ஏப்ரலில் இதே டிரைவர் பஸ் ஓட்டிக்கொண்டு இருந்தபோது, ஸ்டாப்பில் நின்ற பஸ்சின் ஸ்டியரிங்கிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். அதை லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்திடம் மறைத்திருக்கிறார். மாநகராட்சியில் வேலைக்குச் சேரும்போதும் மறைத்திருக்கிறார். டாக்டர்களிடமும் நடந்தது நடந்தபடி சொல்லவில்லை. பரிதாபம் அன்றோடு போனது. இறந்தவர்களின் சொந்தக்காரர்கள், "அரசு வழக்கு போடாவிட்டால் நாங்களே போடுவோம்" என்று கிளம்பினார்கள்.

2015 ஆகஸ்டு 20-ந் தேதி டிரைவர் கூண்டில் ஏறினார். கேள்வி மேல் கேள்வி. 2010-ல் என்ன நடந்தது? டாக்டரிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள்? விண்ணப்பத்தில் ஏன் எழுதவில்லை? பெரும்பாலான கேள்விகளுக்கு அவர் பதில் சொல்ல மறுத்துவிட்டார். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது இல்லை என்பது அந்த நாட்டு சட்டம். ஷெரீப்பும் அதை அவருக்கு எடுத்துச் சொன்னார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரே விபத்தில் வீட்டில் மூன்று பேரை இழந்த குடும்பத்துக்கு நஷ்டஈட்டுத் தொகையா பெரிசு? "என் பிள்ளை ரோட்டில் நடந்துதானே போச்சு, அது ஏன் செத்தது?" என்ற ஒரே கேள்விதான். அதற்குப் பதில் தெரிந்த ஆள் பத்தடி தூரத்தில் நிற்கிறார். பேச மாட்டேன் என்கிறார். நாடு முழுக்க ஆத்திரம் கிளம்பியதில் ஆச்சரியம் இல்லை.

பூட்டு போட்டது யார்?

ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இதில் ஒரு கொடுமை இருக்கிறது. டிரைவர் வாயை மூடிக்கொள்ள சட்டப்படி காரணமாக இருந்ததே, "நாங்களே வழக்கு போடுவோம்" என்று குடும்பத்தார் சொன்னதுதான். ஜெயில் பயம் இருக்கிறவரை பேசாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. அந்தப் பயம் போனால்தான் வாய் திறக்கும். உண்மையும் வேண்டும், தண்டனையும் வேண்டும் என்று குடும்பம் கேட்டது நியாயம்தான். ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இரண்டையும் வாங்க முடியவில்லை என்பதுதான் நடந்த கதை. விசாரணை முடிவதற்கு முன்பே வழக்கு இல்லை என்று அவசரப்பட்டு அறிவித்த அரசு வக்கீல்கள் மீதும் குடும்பத்தாருக்கு அதே அளவு கோபம் இருந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் அதிகம்.

சரி, டிரைவர் பேசாததால் உண்மை வெளியே வராமல் போய்விட்டதா? இல்லை. 2015 டிசம்பர் 7-ந் தேதி ஷெரீப் தீர்ப்பு அறிக்கை வெளியிட்டார். டிரைவர் தன் உடம்பு சமாச்சாரத்தை உள்ளபடி சொல்லியிருந்தால் இந்த 6 சாவும் நடந்திருக்காது என்று தெளிவாக எழுதினார். பழைய பஸ் கம்பெனி முழு விவரத்தையும் புது முதலாளிக்குச் சொல்லாமல் விட்டதையும் சுட்டிக்காட்டினார். தடை வந்தால் தானாகவே பிரேக் பிடிக்கும் கருவியை குப்பை லாரிகளில் பொருத்தச் சொன்னது உட்பட 19 சிபாரிசுகள் செய்தார். இதெல்லாம் எங்கிருந்து வந்தது? ஆஸ்பத்திரி சீட்டில் இருந்து, கம்பெனி பைலில் இருந்து, கேமரா பதிவில் இருந்து.

குடும்பத்தார் தனியாக வழக்கு போட கேட்ட அனுமதியை 2016 நவம்பரில் ஐகோர்ட்டு மறுத்துவிட்டது. 6 பேர் செத்ததற்காக அந்த டிரைவர் ஒரு நாள்கூட ஜெயிலுக்குப் போகவில்லை. லைசென்ஸ் பறிக்கப்பட்ட பிறகும் 2015 செப்டம்பரில் காரை எடுத்து ஓட்டியதற்காகத்தான் 2017-ல் தண்டனை பெற்றார். அதுவும் ஜெயில் இல்லை, சமூக சேவையும் 3 ஆண்டு தடையும்தான். இதைக் கேட்டால் யாருக்கும் வயிறு எரியும்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

நம்ம நாட்டிலும் இதே உரிமை இருக்கிறது. அரசியல் சட்டம் 20-வது பிரிவு, 3-வது உட்பிரிவு. குற்றம் சாட்டப்பட்ட யாரையும் அவருக்கு எதிராக அவரையே சாட்சி சொல்ல வைக்கக் கூடாது. கோர்ட்டில் மாஜிஸ்திரேட்டு கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தாலும் அதற்காகத் தண்டனை கிடையாது. "கூண்டில் ஏறிப் பேசவில்லை, ஆகவே இவர்தான் குற்றவாளி" என்று முடிவு கட்டவும் கூடாது. 2010-ம் ஆண்டு செல்வி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இன்னும் ஒரு படி மேலே போனது. சம்மதம் இல்லாமல் மயக்க ஊசி போட்டோ, பொய் கண்டறியும் கருவி மாட்டியோ பேச வைக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டது.

"நாலு தட்டு" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் குற்றத்தை நிரூபிக்க செல்லாது. தட்டி வாங்கினாலும் காசுக்குப் பிரயோஜனம் இல்லை. தட்டினால் என்ன ஆகும் என்பதை 2020-ல் சாத்தான்குளமும் 2025-ல் திருப்புவனமும் காட்டிவிட்டன. போலீஸ் பிடியில் சிக்கி அங்கே அப்பா, மகன் இருவர் செத்தார்கள். இங்கே ஒரு கோவில் காவலாளி செத்தார்.

ஆனால் இந்த உரிமைக்கு எல்லை உண்டு. நம்ம டிரைவர்கள் பலருக்கு அது எங்கே என்று தெரிவதில்லை. கோர்ட்டில் வாயை மூடலாம். விபத்து நடந்த இடத்தில் மூடக் கூடாது!

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. அடிபட்டவருக்கு வைத்தியம் கிடைக்க டிரைவர் ஏற்பாடு செய்ய வேண்டும். போலீஸ் கேட்டால் தகவல் தர வேண்டும். போலீஸ் இல்லை என்றால் பக்கத்து ஸ்டேஷனில் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தர வேண்டும். செய்யாவிட்டால் தனிக் குற்றம்.

இதே பிரிவில் ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. கூட்டத்தின் ஆத்திரத்தால் உதவி செய்ய முடியாமல் போனால் டிரைவருக்கு விலக்கு உண்டு என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. ஜனங்கள் அடிப்பார்கள் என்பது சட்டம் எழுதினவர்களுக்கே தெரிந்திருக்கிறது! ஆக, அடிக்குப் பயந்து இடத்தை விட்டு விலகினது மன்னிக்கப்படலாம். நேரே ஸ்டேஷனுக்குப் போகாமல் மாமியார் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டதை எந்தச் சட்டமும் மன்னிக்காது.

2024 ஜனவரி முதல் வாரத்தில் வட மாநிலங்களில் லாரி டிரைவர்கள் ஸ்டிரைக் செய்தது ஞாபகம் இருக்கலாம். பெட்ரோல் பங்குகளில் வண்டிகள் வரிசை கட்டின. காரணம் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு. அஜாக்கிரதையால் சாவு ஏற்படுத்தினால் முன்பு 2 ஆண்டு வரை இருந்த தண்டனை, 5 ஆண்டு வரை ஆனது. போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் ஓடிவிட்டால் 10 ஆண்டு வரை என்றது அதன் 2-வது உட்பிரிவு. "நின்றால் ஜனங்கள் கொல்லுவார்கள், ஓடினால் சட்டம் கொல்லும்" என்பதுதான் டிரைவர்களின் குமுறல். 2024 ஜூலை 1-ந் தேதி புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் மத்திய அரசு நிறுத்தி வைத்தது.

செத்த டிரைவர் எதிர்த்துப் பேச மாட்டார்

மவுனத்தில் இன்னொரு வகை இருக்கிறது. அது அதிகாரிகளுக்கு ரொம்ப வசதி.

2024 ஜூன் 17-ந் தேதி மேற்கு வங்காளத்தில் ரங்காபாணி பக்கத்தில் நின்றுகொண்டு இருந்த கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரெயில் மோதியது. 10 பேர் பலி. சரக்கு ரெயில் டிரைவரும் அதில் ஒருவர். அன்றைக்கே ரெயில்வே வாரியத்தில் இருந்து, சரக்கு ரெயில் டிரைவர் சிக்னலை மதிக்கவில்லை என்று தகவல் வந்துவிட்டது. அவர் பிணவறையில் இருந்தார். மறுத்துப் பேச ஆள் இல்லை. பிறகு ரெயில்வே பாதுகாப்பு கமிஷனர் விசாரித்தார். அன்று காலையில் இருந்தே தானியங்கி சிக்னல் பழுது. சிவப்பு விழுந்தாலும் தாண்டிப் போகலாம் என்று டிரைவருக்கு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்று அதில் இல்லை. பல மட்டத்தில் கோளாறு என்று அறிக்கை வந்தது. முதல் நாள் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இந்த அறிக்கையைப் படித்திருப்பார்கள்?

நம்ம பக்கத்திலேயே 2025 ஜூலை 8-ந் தேதி நடந்தது மறக்க முடியாதது. கடலூர் மாவட்டம் செம்மங்குப்பம் ரெயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது விழுப்புரம்-மயிலாடுதுறை பாசஞ்சர் ரெயில் மோதி 3 மாணவர்கள் பரிதாபமாக இறந்தனர். அதில் இருவர் அக்கா, தம்பி. அங்கே வேன் டிரைவர் உயிர் பிழைத்தார். "டிரைவர் வற்புறுத்திக் கேட்டதால்தான் கேட் திறக்கப்பட்டது" என்று ரெயில்வே முதலில் சொன்னது. "கேட் மூடவே இல்லை" என்று ஆஸ்பத்திரியில் இருந்தபடி டிரைவர் மறுத்தார். உயிர் தப்பிய மாணவரும் அதையே சொன்னார். கேட் கீப்பர் சஸ்பெண்டு செய்யப்பட்டு கைதானார். கேட் கீப்பர், ஸ்டேஷன் மாஸ்டர்கள், ரெயில் டிரைவர் என 13 பேரை விசாரணைக்கு ரெயில்வே அழைத்தது. கேட் மூடப்படவில்லை என்பது அதில் தெரிந்தது.

அந்த வேன் டிரைவரும் அன்றைக்கே இறந்திருந்தால்? பேச முடியாத நிலையில் படுத்திருந்தால்? முதல் நாள் சொன்ன கதைதான் ஊர் முழுக்க நின்றிருக்கும். அதிகாரிகள் பேசுவதை முழுசாக நம்புகிறோம், டிரைவர் பேசாததை முழுசாக சந்தேகப்படுகிறோம். இரண்டுமே தப்பான கணக்கு.

செம்மங்குப்பம் கேட், சிக்னலோடு இணைக்கப்படாத கேட். அந்த மாதிரி கேட்டில் மூடியாச்சா இல்லையா என்பது போனில் சொல்லும் வாய் வார்த்தையை நம்பித்தான். சிக்னலோடு இணைத்த கேட்டில் மூடாவிட்டால் ரெயிலுக்கு சிக்னலே விழாது. விபத்துக்குப் பிறகுதான் கேட்டுகளில் கேமரா வைக்கவும், இணைப்பு வசதியை இன்னும் பல கேட்டுகளுக்கு விரிவாக்கவும் ரெயில்வே உத்தரவு போட்டது. 3 பிள்ளைகள் போன பிறகு.

முதலாளிக்கு பதில் டிரைவர்

பணக்கார வீட்டு விபத்துகளில் டிரைவரின் வாய்க்கு விலை பேசுவதும் உண்டு. 2024 மே 19-ந் தேதி அதிகாலை புனேயில் 17 வயது சிறுவன் ஓட்டிய சொகுசு கார் மோதி ஐ.டி. என்ஜினீயர்கள் 2 பேர் இறந்தனர். "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்லும்படி வீட்டு டிரைவரை மிரட்டி அடைத்து வைத்ததாக சிறுவனின் அப்பாவும் தாத்தாவும் கைது செய்யப்பட்டார்கள். 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி சிறுவனை முதலில் ஜாமீனில் விட்டதால் கிளம்பிய ஜனங்களின் கொதிப்புதான் இந்த வழக்கை இழுத்துக்கொண்டு வந்தது. ஆத்திரம் சரியான வாசலில் போய் நின்றதற்கு இது ஒரு உதாரணம்.

சம்பளத்துக்கு ஓட்டுகிற டிரைவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. வண்டியை யார் ஓட்டினார்கள், லைசென்ஸ் என்ன என்று போலீஸ் கேட்டால் தகவல் தர வேண்டிய கடமை 133-வது பிரிவின்படி வண்டி உரிமையாளருக்கு இருக்கிறது. அடுத்தவருக்காக பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் மவுன உரிமை எல்லாம் காப்பாற்றாது.

கிளாஸ்கோ டிரைவர் மறைத்தது மாதிரி இங்கேயும் மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். லைசென்ஸ் விண்ணப்பத்தோடு தரும் 1-ம் படிவத்தில் முதல் கேள்வியே வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் உண்டா என்பதுதான். உண்மையில் அதைப் படித்துப் பார்த்து எழுதுகிறவர் எத்தனை பேர்? ஓட்டுநர் பள்ளிக்காரரே "இல்லை" என்று டிக் அடித்து நீட்டுவார், இவர் கையெழுத்து போடுவார். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும், வேறு வேலைக்கு வழி இல்லை. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் போவது இங்கேதான் ஆரம்பிக்கிறது.

டிரைவர் பேசாவிட்டால் நஷ்டஈடு போச்சா?

போகாது. இதுதான் பலருக்கும் தெரியாத சங்கதி. "டிரைவர் ஒண்ணுமே சொல்லலியே, கேஸ் நிக்குமா?" என்று பயந்து, புரோக்கர் காட்டிய இடத்தில் கையெழுத்து போட்டு வந்த தொகைக்கு சமாதானமாகப் போகிற குடும்பங்கள் உண்டு.

கிரிமினல் வழக்கு வேறு, நஷ்டஈடு வழக்கு வேறு. ஜெயிலுக்கு அனுப்ப சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். விபத்து நஷ்டஈட்டு தீர்ப்பாயத்தில் அவ்வளவு வேண்டாம். எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும் என்று 2009-ல் பிம்லா தேவி வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. முதல் தகவல் அறிக்கை, இடத்தின் வரைபடம், வண்டி ஆய்வாளர் அறிக்கை, பிரேத பரிசோதனை அறிக்கை இவைதான் பேசும். இன்னொன்று, இங்கே மவுனம் டிரைவர் பக்கத்துக்கே எதிராகத் திரும்பும். நேரில் பார்த்த முதல் ஆள் டிரைவர்தான். அவரைக் கூண்டில் ஏற்றாமல் "தப்பு செத்தவர் மேல்தான்" என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடினால் எடுபடுவது கஷ்டம்.

2022 ஏப்ரல் முதல் விதிகளும் மாறியிருக்கின்றன. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் போலீஸ் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். டிரைவர் தன் பங்குக்கு ஒரு படிவத்தை 30 நாளுக்குள் விசாரணை அதிகாரியிடம் தர வேண்டும். அறிக்கையின் நகலை குடும்பத்தார் கேட்டு வாங்கலாம். கேட்காவிட்டால் தானாக வீடு தேடி வருமா என்பது நம்ம ஊர் நடப்பு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

யார் தப்பு என்று நிரூபிக்காமலே சாவுக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு 2½ லட்சம் கேட்க 164-வது பிரிவில் வழி இருக்கிறது. இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டால் சாவுக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50 ஆயிரம் அரசுத் திட்டத்தில் உண்டு. அரசு பஸ் என்றால் இன்னொரு கூத்து. தீர்ப்பான பணத்தைக் கட்டாமல் இழுத்தடித்து, கடைசியில் கோர்ட்டு அமீனா வந்து பஸ்சை ஜப்தி செய்து, பயணிகள் மூட்டையோடு நடுரோட்டில் இறங்கி நிற்கிற செய்தியை நம்ம ஜனங்கள் எத்தனை தடவை படித்திருப்பார்கள்!

நாம மட்டும் பேசுகிறோமா?

டிரைவர் வாய் திறக்கவில்லை என்று கொதிக்கிற கூட்டத்தில் ஐம்பது பேராவது நிற்பார்கள். நாலு பேராவது செல்போனில் படம் எடுத்திருப்பார்கள். மறுநாள் இன்ஸ்பெக்டர் சாட்சி தேடி வந்தால்? "நான் அப்பதான் வந்தேன் சார்." "டீ குடிச்சிக்கிட்டிருந்தேன், சரியா பாக்கல." வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றும் வீடியோ, ஸ்டேஷனுக்கு மட்டும் போய்ச் சேராது. கோர்ட்டுக்கு அலைய வேண்டும், கூலி போகும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் பல விபத்து வழக்குகள் படுத்துக்கொள்வது டிரைவர் பேசாததால் இல்லை, பார்த்தவர் பேசாததால்தான்.

அடிபட்டவரைத் தூக்கிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தவரை போலீஸ் பெயர் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, வழக்கில் இழுக்கக் கூடாது என்று 2019 திருத்தத்தில் 134-ஏ பிரிவு வந்துவிட்டது. தானாக முன்வந்து சாட்சி சொன்னால் அலைக்கழிக்கவும் கூடாது. வைத்தியச் செலவுக்கும் பயம் வேண்டாம். 2021 டிசம்பர் 18-ந் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்-நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம்.

வீட்டு ஆளை இழந்தவர்கள் டிரைவர் பேசுவார் என்று காத்திருந்து நாளைக் கடத்தினால் நஷ்டம் அவர்களுக்குத்தான். 2022 ஏப்ரல் 1 முதல் நஷ்டஈடு மனுவுக்கு 6 மாதக் கெடு வந்திருக்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் போயிருக்கின்றன என்றாலும், 6 மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிடுவதுதான் புத்தி. பெங்களூருக்கோ சென்னைக்கோ கட்டிட வேலைக்குப் போன இடத்தில் விபத்தில் இறந்திருந்தாலும், வழக்குக்காக அங்கே அலைய வேண்டியதில்லை. குடும்பம் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனு கொடுக்கலாம்.